2039 வரை கட்ட வேண்டிய வட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒட்டுக்கடையிலும் கோயில் வாசலிலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழுகின்றன. "அந்த மனுசன் இருந்தப்ப பிரிம் (அரசாங்க உதவித்தொகை) காசாவது கைக்கு வந்துச்சு." "எடுத்தது 42 மில்லியன்தானே, எவன்தான் எடுக்கல?" 2025 டிசம்பர் 26-ஆம் தேதி உயர் நீதிமன்றம், அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி பற்றிய வழக்கின் 25 குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்று சொல்லி, 15 ஆண்டுச் சிறையும் சுமார் 11.4 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) அபராதமும் விதித்தது. அதன் பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை. மேல்முறையீடு செய்வது அவர் உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. கணக்கில்தான் வழக்கு. 42 மில்லியன் என்பது முழுக் கணக்கில் ஒரு மூலை. முழுக் கணக்கையும் வரி வரியாகப் பார்க்காமல் "பாவம், போதும் விடுங்கள்" என்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

2018 மே மாதம் நஜிப்போடு தொடர்புள்ள வீடுகளிலிருந்து போலீசார் தள்ளுவண்டிகளில் தள்ளிக்கொண்டு போன பைகளையே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். 567 கைப்பைகள், 423 கைக்கடிகாரங்கள், 234 கறுப்புக் கண்ணாடிகள். தொலைக்காட்சிக்கு அருமையான காட்சிதான். அதைப் பார்த்துப் பார்த்தே, அலமாரியில் இருந்ததுதான் மொத்தச் சேதமும் என்று நினைத்துவிட்டோம். காரியம் நடந்தது கையெழுத்திலும் முத்திரையிலும்.

முதல் கையெழுத்துக்கு இடம் செய்துகொடுத்தது 1எம்டிபியின் அமைப்பு விதி 117. 2009 ஏப்ரலில் நஜிப் பிரதமரானார். நிதியமைச்சர் பதவியும் அவரிடமே இருந்தது. திரெங்கானு முதலீட்டு நிறுவனம் என்று தொடங்கியதைக் கூட்டரசு எடுத்துக்கொண்டு, அதே ஆண்டு 1எம்டிபி என்று பெயர் மாற்றியது. இயக்குநரை வைப்பது, எடுப்பது, பெரிய கடன் வாங்குவது, முதலீடு செய்வது எதற்கும் பிரதமரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்றது விதி 117. நிறுவனத்தின் ஒரே பங்குதாரர் நிதியமைச்சு. ஆலோசனைக் குழுத் தலைவரும் நஜிப்தான். ஆக யோசனை சொல்பவர், பங்குதாரராக ஆமோதிப்பவர், பிரதமராக ஒப்புதல் தருபவர் மூவரும் ஒரே ஆள். இயக்குநர் வாரியம் என்று ஒன்று இருந்தது. அது கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதையும் விதி 117-இலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

அடுத்தது கடன். 2009 மே மாதம், அந்தத் திரெங்கானு நிறுவனம் அரசாங்க உத்தரவாதத்தோடு 5 பில்லியன் வெள்ளிக்கு 30 ஆண்டு இஸ்லாமியக் கடன் பத்திரம் வெளியிட்டது. ஆண்டு வட்டி (பத்திர மொழியில் இலாப விகிதம்) 5.75 விழுக்காடு. அரசாங்கமே பொறுப்பு என்று எழுதிக்கொடுத்த பத்திரத்துக்கு இது அதிகம். அதற்கு மேல், பத்திரத்தை முகமதிப்புக்குக் குறைவாக விற்றார்கள். 5 பில்லியனுக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டுக் கைக்கு வாங்கியது 4.385 பில்லியன். வித்தியாசமான 615 மில்லியன் பத்திரத்தை வாங்கி விற்ற இடைத்தரகர்களின் இலாபத்துக்கு வழிவிட்டது. வட்டியோ முழு 5 பில்லியனுக்கும்: ஆண்டுக்கு 287.5 மில்லியன். 30 ஆண்டுக்கு 8.625 பில்லியன். அசலோடு சேர்த்தால் 13.625 பில்லியன். வாங்கியது 4.385. ஆ லோங்கிடம் (கந்துவட்டிக்காரனிடம்) வாங்கியவன்கூடக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான்.

அந்தப் பத்திரம் 2039-இல்தான் முதிர்கிறது. இந்தியர்களுக்கென்று உள்ள அரசாங்கப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் 100 மில்லியன் எங்கே போனது, யாருக்குக் கிடைத்தது என்று நாம் வருடம் முழுக்கச் சண்டை போடுகிறோம். போட வேண்டியதுதான். ஆனால் இந்த ஒரே ஒரு பத்திரத்தின் ஓர் ஆண்டு வட்டியே ஏறக்குறைய மூன்று ஆண்டு மித்ரா நிதி.

வாங்கிய பணம் வெளியே போன விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2009 செப்டம்பர் 28-இல் பெட்ரோசவுதி என்ற நிறுவனத்தோடு கூட்டு முயற்சி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1எம்டிபி தர வேண்டியது 1 பில்லியன் அமெரிக்க டாலர். ஒப்பந்தத்துக்கு மூன்று நாள் முன்னால், செப்டம்பர் 25 தேதியிட்டு ஒரு கடன் ஆவணம் முளைத்திருந்தது: கூட்டு நிறுவனம் பெட்ரோசவுதிக்கு 700 மில்லியன் டாலர் கடன்பட்டிருக்கிறது, அதை 30-ஆம் தேதிக்குள் அடைக்க வேண்டும் என்று. 25-ஆம் தேதி பிறந்த கடன், ஐந்தே நாளில் கெடு. யாரோ எழுதிக்கொண்ட கடனை 1எம்டிபி தன் முதலீட்டுப் பணத்திலிருந்து அடைத்தது. செப்டம்பர் 30-இல் 300 மில்லியன் டாலர் கூட்டு நிறுவனக் கணக்குக்குப் போயிற்று. 700 மில்லியன் டாலர் சூரிச் நகரில் ஆர்பிஎஸ் கூட்ஸ் வங்கியில் குட் ஸ்டார் என்ற நிறுவனத்தின் கணக்குக்குப் போயிற்று. குட் ஸ்டார் யாருடையது என்று வங்கி கேட்டபோது, பெட்ரோசவுதியின் துணை நிறுவனம் என்று பதில் வந்தது. அது, இந்த ஊழலின் மூளை என்று குற்றம்சாட்டப்பட்ட தொழிலதிபர் ஜோ லோவின் கையில் இருந்த நிறுவனம். 2011-இல் இன்னொரு 330 மில்லியன் டாலர் அதே பாதையில் போனது.

தணிக்கைத் தொழிலில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிப்பார்கள். பணம் போனதும் அதன் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 2009-இல் பங்கு முதலீடு. 2010-இல் அது முரபாஹா என்ற இஸ்லாமியக் கடன் பத்திரம். 2012-இல் கேமன் தீவு நிதி ஒன்றின் 'யூனிட்' (முதலீட்டு அலகு). 2015 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்குத் தந்த பதிலில் சிங்கப்பூர் பிஎஸ்ஐ வங்கியில் 'ரொக்கமாக' இருக்கிறது என்றார்கள். மே மாதம் அதைத் திருத்தி 'யூனிட்' என்றார்கள். ரொக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். யூனிட்டை எண்ண முடியாது. வைத்திருப்பவன் சொன்ன விலைதான் விலை. ஒவ்வொரு மார்ச் மாதமும் கணக்கு முடிக்கும்போது தணிக்கையாளர் அதே கேள்வியைக் கேட்பார் என்பதால், கேள்வி வருவதற்குள் சொத்தின் வடிவத்தை மாற்றுவதே வேலையாயிருந்தது. தணிக்கையாளர்களும் மாறினார்கள். எர்ன்ஸ்ட் அண்ட் யங் 2010-இல் போனது, அடுத்து வந்த கேபிஎம்ஜி 2013 இறுதியில் போனது, பிறகு டெலாய்ட். ஐந்தாண்டுக்குள் மூன்றாவது பெரிய தணிக்கை நிறுவனம் வந்து உட்காருகிறது என்றால், பங்குச் சந்தையில் உள்ள எந்தக் கம்பெனியின் பங்கையும் அன்றைக்கே விற்றுவிடுவார்கள். இது மக்கள் கம்பெனி என்பதால் விற்க ஆளில்லை.

2012, 2013-இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் மூலம் மூன்று டாலர் பத்திரங்கள் வந்தன: 1.75 பில்லியன், மறுபடி 1.75 பில்லியன், பிறகு 3 பில்லியன். மொத்தம் 6.5 பில்லியன் டாலர். வட்டி முறையே 5.99, 5.75, 4.4 விழுக்காடு, கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 337 மில்லியன் டாலர். கோல்ட்மேன் எடுத்துக்கொண்டது சுமார் 600 மில்லியன் டாலர், நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல். பத்திரம் விற்றுக்கொடுக்கும் வேலைக்கு இப்படி ஒரு கூலி யாரும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததும் இல்லை. சத்தமில்லாமல், வேகமாக, கேள்வியில்லாமல் முடிக்க வேண்டும் என்பதற்கான விலை அது.

முதல் இரண்டு பத்திரங்களும் மின்நிலையங்கள் வாங்க என்று சொல்லப்பட்டன. அபுதாபி அரசின் ஐபிஐசி நிறுவனம் அவற்றுக்குப் பிணை நின்றது. ஐபிஐசிக்கு ஆபார் என்று ஒரு துணை நிறுவனம் உண்டு. பிரிட்டிஷ் வெர்ஜின் தீவில் அதே பெயரில், கடைசியில் 'லிமிடெட்' என்ற ஒரு சொல் மட்டும் கூடுதலாக, வேறொரு நிறுவனம் பதிவானது. அந்த இரண்டு பத்திரங்களின் பணத்திலிருந்து 1.367 பில்லியன் டாலர் இந்தப் போலி ஆபாருக்குப் போனது என்கிறது அமெரிக்க நீதித்துறை. 3.5 பில்லியனில் நூற்றுக்கு 39. பற்றுச்சீட்டில் பெயரைச் சரிபார்க்கும் கடைநிலை எழுத்தருக்குத் தெரிந்த பாடம் இது: பெயர் ஒத்துப்போனால் போதாது, பதிவு எண் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது பத்திரத்துக்கு அரசாங்க உத்தரவாதம் தரவில்லை. 'ஆதரவுக் கடிதம்' தரப்பட்டது. கையெழுத்திட்டவர் நஜிப். உத்தரவாதம் என்று எழுதினால் அரசாங்கத்தின் உத்தரவாதப் பட்டியலில் ஏறும், நாடாளுமன்றத்தில் யாராவது கேட்பார்கள். ஆதரவுக் கடிதம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. கடன் கொடுத்தவன் அதை உத்தரவாதமாகவே படிப்பான், கடனாளியாகிய மக்களுக்கோ அப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது. அந்தப் பத்திரம் 2013 மார்ச் 19-இல் வெளியானது. அடுத்த சில நாட்களில், மார்ச் 21-க்கும் 25-க்கும் இடையில், டானோர் என்ற நிறுவனத்தின் கணக்கிலிருந்து 681 மில்லியன் டாலர் கோலாலம்பூரில் நஜிப்பின் அம்பேங்க் கணக்கில் விழுந்தது. மே 5-இல் 13-ஆவது பொதுத்தேர்தல். ஆகஸ்டில் 620 மில்லியன் டாலர் திரும்பிப் போனது. சவுதி அரச குடும்பத்தின் நன்கொடை, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பது அவர் தரப்பு. திரும்பிப் போனது எந்த அரேபியருக்கும் அல்ல, அதே டானோருக்கு. அதில் ஒரு பகுதிதான் பிறகு 27.3 மில்லியன் டாலர் விலையுள்ள இளஞ்சிவப்பு வைரப் பதக்கச் சங்கிலியாக மாறியது என்பது அமெரிக்க வழக்கு ஆவணம். நன்கொடைக் கடிதங்களைக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் நம்பவில்லை.

அதே 2013-ஐ நம் பக்கத்திலிருந்து பார்ப்போம். செப்டம்பர் 3-இல் ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 20 காசு ஏறி 2 வெள்ளி 10 காசானது. அக்டோபர் வரவுசெலவுத் திட்டத்தில் சீனிக்கான 34 காசு உதவித்தொகை நீக்கப்பட்டு, கிலோ 2.50-லிருந்து 2.84 ஆனது. நாட்டின் நிதிநிலைக்கு இது அவசியம் என்று சொன்னவர் நிதியமைச்சர், அதாவது அவரே. 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) வந்தது. அரிசிக்கும் சமையல் எண்ணெய்க்கும் வரி இல்லைதான். ஆனால் 10 வெள்ளி டாப்-அப் 10 வெள்ளி 60 காசானதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத காவலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் அன்றிலிருந்து வாங்கும் பொருளின் விலையோடு இந்த வரியையும் கருவூலத்துக்குக் கட்டத் தொடங்கினார்கள். 2016-இல் மட்டும் ஜிஎஸ்டி வசூல் சுமார் 41 பில்லியன். அவ்வளவும் 1எம்டிபிக்குப் போனது என்று நாங்கள் சொல்லவில்லை. அது தப்புக் கணக்கு. எண்ணெய் விலை விழுந்ததும் ஒரு காரணம். ஆனால் ஒரு பக்கம் கட்டாயக் கடன் தவணை ஏறிக்கொண்டிருக்கும்போது, மறுபக்கம் எதைக் குறைப்பது, யாரிடம் கேட்பது என்ற முடிவு எப்போதும் கீழே உள்ளவர் பக்கமே சாய்ந்தது. 2012-இல் 500 வெள்ளி பிரிம் வாங்கிய குடும்பம், மாதம் 700 வெள்ளிக்கு வரியுள்ள பொருள் வாங்கினால் ஓராண்டில் 504 வெள்ளியை ஜிஎஸ்டியாகத் திருப்பிக் கொடுத்திருக்கும்.

புள்ளிவிவரத் துறையின் குடும்ப வருமான ஆய்வில், 2016-க்கும் 2019-க்கும் இடையில் மொத்த வருமானத்தில் பி40 பிரிவின் (கீழ்மட்ட 40 விழுக்காட்டுக் குடும்பங்களின்) பங்கு 16.4-லிருந்து 16.0 விழுக்காடாக இறங்கியது; டி20 பிரிவின் (மேல்மட்ட 20 விழுக்காட்டின்) பங்கு 46.2-லிருந்து 46.8 ஆக ஏறியது. அதிலும் ஒரு குறை உண்டு. ஆய்வாளர் வீட்டு வாசலில் வந்து கேட்கும் கேள்விக்கு யாரும் சூரிச் கணக்கைச் சொல்வதில்லை. ஏழையின் வருமானம் காசு சுத்தமாகக் கணக்கில் வரும். உச்சியில் இருப்பவனுடையது பாதி வராது. உண்மையான இடைவெளி காகிதத்தில் உள்ளதைவிடப் பெரிது.

"மலாய்க்காரர் பணத்தைத்தானே தின்றார், நமக்கென்ன" என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. கேட்க வெட்கமாக இருக்கிறது என்பது ஒருபுறம், அது பொய் என்பது மறுபுறம். முதலில் அவர்கள் பணத்தைப் பாருங்கள். கோலாலம்பூர் நடுவில் டிஆர்எக்ஸ் என்ற நிதி வணிக மையத்துக்கான நிலம் 70 ஏக்கரை அரசாங்கம் 1எம்டிபிக்குக் கொடுத்த விலை 194.1 மில்லியன் வெள்ளி, சதுர அடிக்குச் சுமார் 64 வெள்ளி. 2015-இல் தவணை கட்டத் திணறிய 1எம்டிபி, அதிலிருந்து 1.56 ஏக்கரை மட்டும் ஹஜ் சேமிப்பு நிதியான தாபோங் ஹாஜிக்கு விற்றது, 188.5 மில்லியனுக்கு. சதுர அடி சுமார் 2,774 வெள்ளி. 70 ஏக்கருக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதியை ஒன்றரை ஏக்கரில் எடுத்துவிட்டார்கள். கொடுத்தது யார்? ஹஜ் போக மாதம் 50, 100 என்று சேமித்த கம்பத்துக்காரர்.

இப்போது நம் பணம். 1எம்டிபியின் துணை நிறுவனமாகத் தொடங்கிய எஸ்.ஆர்.சி. 2011-இலும் 2012-இலும் இரண்டு தவணையாக 4 பில்லியன் வெள்ளி கடன் வாங்கியது. கொடுத்தது குவாப், அரசாங்க ஊழியர் ஓய்வூதிய நிதி. தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தாதியர், நகராண்மைக் கழகத் தொழிலாளர் எல்லாருக்கும் ஓய்வூதியம் கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் நிதி அது. அரசாங்க உத்தரவாதம் இருந்ததால் ஓய்வூதியக்காரர்களுக்கு நேரடி நட்டம் வரவில்லை. சுமை அப்படியே வரிப்பணத்தின் தலையில் ஏறியது. எல்லாரும் சொல்லும் அந்த 42 மில்லியன் இங்கிருந்து வந்ததுதான்: எஸ்.ஆர்.சி.யிலிருந்து கண்டிங்கான் மெந்தாரி, அங்கிருந்து இஹ்சான் பெர்டானா, அங்கிருந்து பிரதமரின் சொந்தக் கணக்கு. 32 மில்லியன் இரண்டு பட்டுவாடாவாக 2014 டிசம்பர் கடைசி வாரத்தில், 10 மில்லியன் 2015 பிப்ரவரியில். அந்த டிசம்பர் வாரம் கிளந்தான் மாநிலம் கழுத்தளவு வெள்ளத்தில் இருந்தது. அதே வாரத்தில், டிசம்பர் 22-இல், அவரது கடன் அட்டையில் ஹோனோலூலு ஷானேல் கடையில் 130,625 டாலர் செலவானதும் நீதிமன்றத்தில் ஆவணமாக வைக்கப்பட்டது. 12 ஆண்டும் 210 மில்லியன் அபராதமும் என்ற தண்டனை 2024-இல் 6 ஆண்டாகவும் 50 மில்லியனாகவும் குறைந்தது இந்த வழக்கில்தான்.

"பணமெல்லாம் திரும்பி வந்துவிட்டதே" என்பவர்களுக்கும் பதில் உண்டு. வந்தது உண்மை. கோல்ட்மேன் 2020-இல் 3.9 பில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது; அதில் ரொக்கம் 2.5 பில்லியன், மிச்சம் மீட்கப்படும் சொத்துக்கான உறுதிமொழி. அம்பேங்க் 2.83 பில்லியன் வெள்ளி, டெலாய்ட் 80 மில்லியன் டாலர், கேபிஎம்ஜி 333 மில்லியன் வெள்ளி. ஆனால் திருட்டுப் பணத்தில் வாங்கிய பொருள் வாங்கிய விலைக்கு விற்காது. ஜோ லோ சுமார் 250 மில்லியன் டாலருக்கு வாங்கிய ஈக்வனிமிட்டி சொகுசுக் கப்பல் 2019-இல் 126 மில்லியனுக்குத்தான் போனது. தஞ்சோங், கெந்திங் சன்யென், ஜிமா மின்நிலையங்களுக்கு மொத்தம் சுமார் 12 பில்லியன் வெள்ளி கொடுத்தார்கள். 2015-இல் சீன நிறுவனத்துக்கு 9.83 பில்லியனுக்கு விற்றார்கள். நடுவில் ஓடிய வட்டியை எந்தச் சமரசமும் திருப்பித் தரவில்லை.

இதையெல்லாம் யாரும் தடுக்கவில்லையா? 2015 ஜூலை 28-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் சட்டத்துறைத் தலைவர் கனி பட்டேல் பதவி இழந்தார், கேள்வி கேட்ட துணைப் பிரதமர் முகைதீன் யாசினும் நீக்கப்பட்டார். அதே மாதம் செய்தி வெளியிட்ட தி எட்ஜ் வார, நாளிதழ்களுக்கு மூன்று மாதத் தடை. தேசிய கணக்காய்வாளரின் 1எம்டிபி அறிக்கை அதிகாரத்துவ இரகசியச் சட்டத்துக்குள் போய், 2018-இல் ஆட்சி மாறிய பிறகே வெளியே வந்தது. நன்கொடை சொந்தக் கணக்கில் வரலாமா, எவ்வளவு வரலாம் என்று சொல்ல அரசியல் நிதிச் சட்டமும் அன்று இல்லை. அதனால்தான் 'அரபு நன்கொடை' என்ற ஒரே சொல்லில் இத்தனை ஆண்டு வண்டி ஓடியது.

இன்று நிலைமை கொஞ்சம் மேல். 2023-இல் வந்த பொதுநிதிப் பொறுப்புச் சட்டம் அரசாங்க உத்தரவாதத்தை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 25 விழுக்காட்டுக்குள் நிறுத்துகிறது. 2024 கணக்காய்வுச் சட்டத் திருத்தத்தால், அரசாங்க உத்தரவாதம் வாங்கிய நிறுவனத்தின் கணக்கையும் தேசிய கணக்காய்வாளர் திறந்து பார்க்கலாம். ஆனால் பிரதமரும் நிதியமைச்சரும் ஒரே ஆளாக இருக்கும் வழக்கம் நஜிப்போடு முடியவில்லை. 2022 இறுதியில் அமைந்த அன்வாரின் அமைச்சரவையும் அப்படித்தான் அமைந்தது. ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. கடன் கேட்கும் கையும் ஒப்புதல் தரும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது கூட்டுறவுச் சங்கத்தில்கூட உள்ள விதி.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அக்டோபரிலும் வரவுசெலவுத் திட்டத்தன்று எதன் விலை ஏறியது, யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்று முதல் பக்கத்தில் பட்டியல் போடுகிறீர்கள். அதே நாளில் நிதியமைச்சு வெளியிடும் நிதிநிலைக் கண்ணோட்ட அறிக்கையில் கடன், உத்தரவாதம் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொத்த உத்தரவாதம் எவ்வளவு, எந்தெந்த நிறுவனங்களுக்கு, 1எம்டிபிக்காக இன்னும் பாக்கி எவ்வளவு என்ற மூன்று எண்களை எடுத்து அந்தப் பட்டியலின் அடியில் ஒரு சிறு பெட்டியாகப் போடுங்கள். போன ஆண்டு எண்ணையும் பக்கத்திலேயே போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தணிக்கைத் துறையில் பணியாற்றிய வாசகர்கள் சிலர்,
கிள்ளான்.